ஆவியும் அடக்கமும்

கோப்பியின் சுவையைப் பேசுவோர் பலர். அதனை வடிக்கும் கருவியின் உறுப்புகளை நோக்குவோர் சிலரே. இத்தாலியின் மிலான் நகரத்தவரான லூயிஜி பெசேரா 1901ஆம் ஆண்டு எஸ்பிரெசோ யந்திரத்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதிலே கோப்பித் தூளினூடாக நீரை உந்தியது ஆவியின் அமுக்கமே. அந்நகரத்தவரான அக்கீலே காஜ்ஜா 1940களின் பிற்பகுதியில் நெம்புகோலைப் புகுத்தியபின் அப்பணியை முசலம் ஏற்றது. பாலை நுரைக்கச் செய்யும் பணியோ ஆவியிடமே எஞ்சியது.

வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் சிறிய நெம்புகோல் யந்திரத்திலும் இவ்வாவியின் வலிமை சிறிதன்று. வளிமண்டல அமுக்கத்தின் இருமடங்கில் நீர் கொதிப்பது ஏறத்தாழ 120 பாகை செல்சியசிலாகும். அதனை அடக்கி வைத்திருப்பவை ஒரு பித்தளை மூட்டும் அதனுள் அமைந்த மென்மையான வளையமுமே. ஆண்டுக்கணக்கில் வெப்பத்தை ஏற்ற வளையம் இறுகி, நெகிழ்வை இழக்கின்றது. மூட்டிலே ஆவி கசிகின்றது. கசிவைக் கண்டதும் கை ஸ்பானரை நாடுகின்றது. இறுக்கினால் நின்றுவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் வளையம் செய்யவேண்டிய வேலையைத் திருகுபுரியின்மேற் சுமத்தினால் மென்மையான பித்தளைப் புரி சிதைகின்றது. சிறு பழுது பெரும் பழுதாவது இவ்வாறே.

செம்மையாகத் திருத்துபவன் முதலில் மின்னிணைப்பைத் துண்டிப்பான். யந்திரம் ஆறும்வரை காத்திருந்து, எஞ்சிய அமுக்கத்தையும் வெளியேற்றுவான். ஒரு ஸ்பானரால் மூட்டின் உடலைப் பிடித்து, மற்றொன்றால் சுரையைத் திருப்புவான். இன்றேல் அவ்விசை முழுவதும் கொதிகலத்தைத் தாக்கும். படிந்த சுண்ணாம்பைச் சித்திரிக்கமிலக் கரைசலால் அகற்றி, வெப்பந் தாங்கும் புதிய வளையத்தை அதே அளவில் இடுவான். அதன்பின் மிதமான இறுக்கமே போதுமானது.

புரியே சிதைந்திருப்பின் நாடா சுற்றி மறைப்பது திருத்தமாகாது. உறுப்பையே மாற்றுதல் வேண்டும். செலவை எண்ணித் தயங்குவோர் ஓர் உண்மையை மறத்தலாகாது. வெண்புகைபோலத் தோன்றுவது ஒடுங்கிய நீர்த்துளிகளே. துளையை விட்டுச் சீறும் ஆவி கண்ணுக்குப் புலப்படாது. யந்திரம் தன்னுடையதாகையால் ஆபத்தும் தன்னுடையதே என ஒருவன் கருதலாம். ஆனால் நாளைக் காலை அக்குழாயைத் திறக்கும் கை அவனது தாயினுடையதாகவும் இருக்கலாம்.