எதைப் பற்றி எழுதுவது?

மதிப்பெண்ணைக் காட்டி இடம் வாங்க நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-ல் நீங்கியபின், 200-க்கு எத்தனை கட்-ஆஃப் என்பதே வீட்டுக்கு வீடு பேச்சு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை செய்தது. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் பலவும், அசோகா போன்ற நம் நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவும் மதிப்பெண்ணோடு கட்டுரையும் கேட்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் அதற்கு 650 சொற்கள்தான் எல்லை. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று அதுவரை யாரும் கேட்டிராத பிள்ளை அங்கே திணறிப்போகிறது.

ஏற்காட்டில் அப்படித் திணறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். பெரும்பாலோர் முதலில் எழுதி வருவது வாங்கிய கோப்பையைப் பற்றி. இல்லாவிட்டால், வீட்டு வறுமையைப் பற்றி. கோப்பை விவரம் விண்ணப்பத்தில் வேறு இடத்தில் ஏற்கெனவே இருக்கும். வறுமை உண்மைதான். ஆனாலும், வீட்டுக் கஷ்டத்தை விலை பேசித்தான் படிக்க இடம் வாங்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைப்பது எனக்கு வலிக்கிறது. கஷ்டத்தைத் தாராளமாக எழுதலாம். அதற்குள் இருந்துகொண்டு தான் எதைப் பார்த்தோம், என்ன யோசித்தோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எஸ்டேட் வேலைக்குப் போகும் தாயின் மகள் ஒருத்தி, “எழுத எங்கிட்ட ஒண்ணுமே இல்ல சார்” என்றாள். கோடையில் இங்கே எதைக் கவனிப்பாய் என்று கேட்டேன். மளமளவென்று சொன்னாள். மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி வெள்ளை வெளேரென்று பூக்கும். மல்லிகை போல மணக்கும். அடுத்த மழை தப்பினால் பிஞ்சு நிற்காது. பிஞ்சு நிற்காவிட்டால் கார்த்திகை, மார்கழியில் பழம் பறிக்க அத்தனை ஆள் வேண்டாம்; அம்மாவின் கூலி குறையும். அதனால் மழை விழுந்த நாளையும் பூத்த நாளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைப்பாளாம். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த கதையைப் புத்தகம் பார்த்து யாரும் எழுதிவிடலாம். மழையை வைத்து மார்கழிக் கூலியைக் கணக்குப் போட்ட கதையை அவளால்தான் எழுத முடியும். ஒரு மனம் எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெரிகிறது. அதை அறியத்தான் கல்லூரி கட்டுரை கேட்கிறது.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கட்டுரையை வாங்கி நீங்கள் அழகுபடுத்தாதீர்கள். “யாரும் சொல்லாமல் நீயாகக் கவனிப்பது எது?” என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தன் கண்ணால் பார்த்ததற்கும் மதிப்பு உண்டு என்ற நம்பிக்கை எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.