கரக்பூர்ச் சாலைகளில் மிதிவண்டி

கரக்பூருக்குப் புதிதாக வருவோர் முதலில் வியந்து பார்ப்பது அதன் நடைமேடையைத்தான். 1072.5 மீட்டர் நீளமுள்ள அம்மேடை, உலகிலேயே நீளமானது என்ற பெயரை நெடுங்காலம் தாங்கி நின்றது. 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்ளியும் அப்பெயரை வாங்கிக்கொண்டன. பெயர் கைமாறினாலும் மேடையின் நீளம் குறையவில்லை. மூட்டை சுமந்து நடப்போர் அதனை நன்கறிவர். ஆயினும், இவ்வூரில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மேடையினும் நெருக்கமானது மிதிவண்டியே ஆகும். காலைப் பணி தொடங்கும் வேளையில் பணிமனையை நோக்கிச் செல்லும் சைக்கிள்களின் வரிசையைக் கண்டவர், இவ்வூரின் உயிர்ப்பு எதில் இருக்கிறது என்பதை எளிதில் உணர்வர்.

வங்காள நாகபுரி ரயில்வேயின் காலத்தில் எழுந்தது இந்த ரயில்வே நகரம். 1955 முதல் இது தென்கிழக்கு ரயில்வேயைச் சேர்ந்தது. வேலையை நாடித் தெலுங்கர் பெருந்தொகையாகவும், தமிழர் சிறுதொகையாகவும் இங்கே வந்து சேர்ந்தனர். வரிசை வரிசையாக அமைந்த குடியிருப்புகள், அகன்ற சாலைகள், ஒன்றுக்கொன்று எட்டத்திலுள்ள அலுவலகங்கள் ஆகியவற்றுக்கிடையே நடந்து செல்வது கடினம். பேருந்தை நம்புவதோ அதனினும் கடினம். ஊரின் மறுபுறத்தில் ஹிஜ்லி இருக்கிறது. 1931-இல் அங்கிருந்த தடுப்பு முகாமில் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அம்முகாமின் கட்டடத்திலேயே 1951-இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கப்பெற்றது. அவ்வளாகத்திலும் மாணவர் ஊர்வது சைக்கிளில்தான். மேலும், 2015-இல் மேற்கு வங்க அரசு ‘ஸபுஜ் ஸாத்தி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 9 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவ மாணவியர்க்குச் சைக்கிள் வழங்கத் தலைப்பட்டது. நம் வீட்டுப் பெண்கள் சிலருக்கும் அவ்வாறு வண்டி கிடைத்திருக்கிறது.

வண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதனைப் பேணும் வித்தை அதனுடன் வந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இவ்வட்டாரத்து நிலம் செம்மண் பூமி. அதிலுள்ள சரளைக்கல் உடையும்போது கூரிய முனை கொள்ளும். ஓரங்களில் ஈச்ச மரங்கள்; உதிர்ந்து கிடக்கும் அவற்றின் மட்டைமுள் ஊசிக்கு இளைத்ததன்று. நெடுஞ்சாலையிலோ, வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து மயிர் போன்ற எஃகுக் கம்பித் துணுக்குகள் வீழ்ந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இக்கம்பியே முள்ளினும் கொடியது.

இதற்கு மருந்தாகச் சாலை சந்திகள்தோறும், மரத்தடிதோறும் மிஸ்திரிகள் உள்ளனர். ஒரு மரப்பெட்டி, ஒரு பம்பு, தண்ணீர் நிறைந்த பழஞ்சட்டி ஒன்று, அடையாளமாகக் கிளையில் தொங்கும் பழைய டயர்: இவ்வளவே அவர்கள் கடை. பஞ்சர் என்ற சொல்லைவிட ‘லீக்’ என்ற சொல்லே இங்கே மிகுதியாக வழங்குகிறது. காற்றுக்கு ‘ஹாவா’ என்பர். வங்காளம் பேசத் தயங்கும் நம்மவருங்கூட இவ்விரு சொற்களை வந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கின்றனர்.

எங்கள் அலுவலகக் குமாஸ்தாக்களாகிய நாங்கள் மூவர், குளிர்காலத்து ஞாயிறுகளில் சைக்கிளில் ஊர் சுற்றி வருவது வழக்கம். சென்ற மார்கழியில் மேதினிப்பூர்வரை சென்றுவர எண்ணினோம். வழி சுமார் 13 கிலோமீட்டர். எங்களுள் ஒருவர் 9-ஆம் வகுப்பு படிக்கும் தம் மகளையும் உடன் அழைத்து வந்தார். அதற்குக் காரணம் உண்டு.

அப்பெண் மாலையில் கணக்குப் பாடம் கற்கச் சைக்கிளில் சென்று வந்தாள். போக வர 8 கிலோமீட்டர். ஐப்பசியில் ஒரு நாள் திரும்பும் வழியில் பின்சக்கரம் காற்றிழந்தது. மிஸ்திரி கடை கட்டிய நேரம். இருளில் தனியே வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வீடு சேர இரவு 8 மணி கடந்துவிட்டது. அதுவரை வாசலிலேயே நின்றிருந்த தாயார், “இனிக் கணக்குப் பாடம் வேண்டாம்” என்று தீர்த்துக் கூறிவிட்டார். ‘டோட்டோ’ எனப்படும் மின்கல வண்டியில் நாள்தோறும் அனுப்பக் குமாஸ்தாவின் சம்பளம் இடந்தராது. தந்தை சென்று அழைத்து வரலாமெனில், பணி நேரம் வாரத்திற்கொரு விதமாக மாறுகிறது. அடுத்த ஆண்டில் ‘மாத்யமிக்’ தேர்வு. உதவிக்கு அழைக்க இவ்வூரில் சித்தப்பனோ மாமனோ கிடையாது. இந்நிலையில், வண்டியை விட்டுவிடாதபடி மகளைப் பழக்க எண்ணியே அவர் அழைத்து வந்தார்.

இந்தா வழியாகச் சென்று, சௌரங்கிச் சந்தியைக் கடந்தோம். பனி விலகி வயல்கள் தெளிந்தன. கங்ஸாவதி அல்லது காஸாய் எனப்படும் ஆற்றின் பாலத்தை நெருங்கும்போது, அவளுடைய முன்சக்கரமே காற்றிழந்து தரை தட்டிற்று. சற்றுத் தொலைவில் அரச மரத்தடியில் முதிய மிஸ்திரி ஒருவர் அமர்ந்திருந்தார். தந்தை அவரிடம், “தாதா, நீங்கள் ஒட்ட வேண்டாம். இவளுக்கு ஒட்டக் கற்றுக்கொடுங்கள்” என்றார்.

கிழவர் சிரித்தார். “எல்லோரும் கற்றுக்கொண்டால் என் அடுப்பு எரிவது எப்படி?” என்று கூறியவாறே சட்டியை அவள்பக்கம் நகர்த்தினார். அவள் தயங்கித் தன் கைகளைப் பார்த்தாள். “கை அழுக்கைக் கழுவிவிடலாம், மா. வண்டி நடுவழியில் நின்றால் யார் தள்ளுவது?” என்றார். வங்காளத்தில் முதியோர் சிறுமியரையும் ‘மா’ என்றே விளிப்பர். அவளும் அவரைச் சிற்றப்பன் முறையில் ‘காக்கு’ என்றழைத்துக் குந்தி அமர்ந்தாள்.

சக்கரத்தைக் கழற்றவே இல்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, முதலில் வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைக்கச் சொன்னார். குமிழி வந்தால் ட்யூபில் ஓட்டையில்லை, உள்ளேயுள்ள சிறு வால்ட்யூப் ரப்பரை மாற்றினால் போதும் என்பது அவர் விளக்கம். குமிழி வரவில்லை. பிறகு இரண்டு தட்டைக் கம்பிகளால் டயரின் ஒருபுற விளிம்பை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, சிறிது காற்றடித்து, பகுதி பகுதியாக நீரில் அமிழ்த்தினாள். ஓரிடத்தில் குமிழிகள் சரம்போல் எழுந்தன. அவ்விடத்தை ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவினாள். உடனே ஒட்டப்போன கையைக் கிழவர் தடுத்தார். விரல் வைத்தால் பிசுபிசுக்காத அளவு உலர்ந்த பின்னரே ஒட்டுத்துண்டை வைத்து அழுத்த வேண்டும். அவசரக்காரன் ஒட்டு அரை மைல்கூட வராது என்றார்.

உலரும் இடைவேளையில் அவர் சொன்னதே எங்களுக்குப் பெரிய பாடமாயிற்று. ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அதன் காரணத்தைக் கூறிவிடுமாம். வெளிப்புறத்தில் இருந்தால் முள்ளோ கம்பியோ தைத்தது. ரிம்மை ஒட்டிய உட்புறத்தில் இருந்தால், கம்பிகளின் முனை ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லது அதை மூடும் நாடா நைந்துவிட்டது. பாம்பு தீண்டியதுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டியதால் பள்ளத்தில் ரிம் இடித்து ட்யூப் நசுங்கியது. காரணத்தைக் களையாமல் ஒட்டினால், மறுநாளும் அதே கூலி.

எனவே அவள் டயரின் உட்புறத்தை மெல்ல விரலால் தடவிப் பார்த்தாள். மயிரிழை போன்ற எஃகுக் கம்பி ஒன்று அகப்பட்டது. அதைக் குறட்டால் பிடுங்கிய பின், ட்யூபை உள்ளே வைத்து, வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வருகே முடியுமாறு டயர் விளிம்பைக் கட்டைவிரல்களாலேயே உள்ளே தள்ளினாள். கம்பியால் நெம்பினால் ட்யூப் சிக்கிக் கிழிந்துவிடும் என்பது கிழவரின் எச்சரிக்கை. எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூலி கேட்டபோது, “வேலை செய்தவள் இவள். ஒட்டுக்கும் சொல்யூஷனுக்கும் மட்டும் கொடுங்கள்” என்றார். நாங்கள் வற்புறுத்தியும் மிகுதியை ஏற்கவில்லை. பாலத்தின்மேல் நின்று, மணல் திட்டுகளிடையே ஒதுங்கியோடும் ஆற்றையும், எதிர்க்கரையில் மேதினிப்பூரையும் கண்டபோது, அவள் ஆற்றைவிட முன்சக்கரத்தையே அடிக்கடி குனிந்து பார்த்தாள்.

தை மாதத்தில் கணக்குப் பாடம் மீண்டும் தொடங்கிற்று. கைப்பம்பும் பஞ்சர் பெட்டியும் பையில் இருக்க வேண்டும் என்பது தாயார் விதித்த நிபந்தனை. மாசியில் ஒரு மாலை அவள் 40 நிமிடம் தாமதமாக, முழங்கைவரை கறுப்பேறிய கைகளுடன் வந்து நின்றாள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று சீயக்காய்த் தூளை எடுத்து வந்து கொடுத்தார். பாடம் நிற்கவில்லை.

நம் இல்லங்களில் பிள்ளைகள் அறிய வேண்டியவை சிலவே. வாரம் ஒருமுறை காற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். செயின் நடுப்பகுதி அரை அங்குலம் ஆடினால் சரி. மிகத் தொங்கினால் கழன்றுவிடும், மிக இறுகினால் பற்கள் தேயும். செயினைத் துணியால் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் சில துளி விட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் பிசினாக இறுகிவிடும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. கட்டையின் வரிகள் மறைந்துவிட்டால் அன்றே மாற்றுவது நலம். சக்கரத்தின் கோட்டம் எடுப்பதும், பால்ரஸ் மாற்றுவதும் மிஸ்திரியின் கைக்கே உரியவை. அவற்றில் துணிய வேண்டியதில்லை.

அவசரமில்லாத ஒரு விடுமுறை நாளில், முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, பழைய ட்யூப் ஒன்றில் நாமே ஆணியால் ஓட்டையிட்டுப் பிள்ளைகளை ஒட்டச் சொல்லலாம். ஆண் பிள்ளைகள் தெருவிலேயே இதைக் கற்றுவிடுவர். பெண் பிள்ளைகளுக்கு நாம்தான் இடமளிக்க வேண்டும். அன்பர்கள் இவ்வாரமே இதனைச் செய்து பார்ப்பார்களாக.