இருபது நிமிடக் கடல்

பயணக் கட்டுரை எழுதுபவர் நெடுந்தூரம் சென்று வந்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. காசிக்குப் போனவர் எழுதுகிறார்; இமயம் கண்டவர் எழுதுகிறார். நான் எழுதப் போவதோ இருபது நிமிடப் பயணத்தைப் பற்றி! ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு, அவ்வளவே. பக்கத்தில் இருப்பவரிடம் ஊரையும் உறவையும் விசாரித்து முடிப்பதற்குள் இறங்கு துறை வந்துவிடும்.

கிரேக்க நாட்டுத் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளைப் பற்றி உலகமே படிக்கிறது. நம் நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே கடல் தாண்டினால், யாழ்ப்பாணத்தை ஒட்டி அப்படியொரு தீவுக் கூட்டம் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர், நெடுந்தீவு என்று அவற்றின் பெயர்களே இனிக்கின்றன. ஒல்லாந்தர் ஆண்டபோது தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. ஆண்டவர்கள் போனார்கள், ஊரார் நாவில் தமிழ்ப் பெயர்களே நிலைத்தன.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாட்களில் நின்றுபோன அந்தப் போக்குவரத்து, 2024 ஆகஸ்டு 16 அன்று ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. 2025 கோடை விடுமுறையில் அதில் என்னை அழைத்துச் சென்றவர் என் மாமா. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் மணிமேகலை நடத்தியவர். “மணிபல்லவத்தை ஒரு தடவையாவது கண்ணால பாத்துடணும்டா” என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

காவிரி கடலில் கலக்கும் புகாரின் உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வம் மணிமேகலையை எடுத்துச் சென்ற தீவு மணிபல்லவம். புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவு என்பது சாத்தனார் தரும் கணக்கு. நயினாதீவே அந்த மணிபல்லவம் என்பது அறிஞர் பலர் கருத்து, மாறுபடுவோரும் உண்டு. மாமா முதல் கட்சி!

யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்கும், அங்கிருந்து கடலுக்கு நடுவே போட்ட சாலை வழியாகப் புங்குடுதீவுக்கும் போனோம். இருபுறமும் முழங்கால் ஆழம் போலத் தோன்றும் கடல். புங்குடுதீவின் கோடியில் குறிகட்டுவான் துறை. சாலை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் படகுதான்.

மரத்தாலான மோட்டார்ப் படகு. மேல்தட்டிலிருந்து படியிறங்கிப் படகின் வயிற்றுக்குள் போய், நெருக்கியடித்துக்கொண்டு பலகையில் அமர்ந்தோம். நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் ஒருபுறம். நாகதீப விகாரைக்குப் போகும் சிங்களக் குடும்பங்கள் வெள்ளுடையில் மறுபுறம். கோயிலும் விகாரையும் ஒரே சிறு தீவில். இவர்களுக்கு நடுவே அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, ஒரு மிதிவண்டி.

அந்த அரிசி மூட்டைக்கு உரியவர் எனக்குப் பக்கத்தில் இருந்த மூதாட்டி. “தம்பியவை இந்தியாவோ?” என்றார். தஞ்சாவூர் என்றேன். “நெல்லு விளையிற இடமெல்லோ!” என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருபது நிமிடத்தில் போய்விடலாமே, நல்ல வசதிதான் என்று சொல்லி வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

“உங்களுக்கு இது பயணம் தம்பி. எங்களுக்கு இதுதான் ரோட்டு. சோளகம் எழும்பினா ரோட்டு இல்லை. அண்டைக்குப் பாத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா, பெரியாஸ்பத்திரிக்கு எப்பிடிப் போறது?”

சோளகம் என்பது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. நாம் ஆடிக் காற்றை வரவேற்று, ஆற்றில் புதுப்புனல் வருமா என்று பார்க்கிறோம். அவர்கள் அதே பருவத்தில் படகு ஓடுமா என்று பார்க்கிறார்கள். காற்று மட்டுமா தடை? 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த ‘குமுதினி’ படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகும் அந்த மக்கள் படகேறித்தான் ஆக வேண்டியிருந்தது. வேறு வழி ஏது?

படகு கரை தொட்டது. மூட்டையை மேலே ஏற்ற நான் குனிந்தேன். எதிரே இருந்த சிங்கள இளைஞர் ஒருவர் மறுமுனையைப் பிடித்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. மூட்டை மட்டும் மேலே போயிற்று.

இந்தத் தீவில்தான் மணியாசனம் ஒன்றுக்காகப் போரிட்ட இரு நாக மன்னர்களைப் புத்தர் சமாதானம் செய்தார் என்பது மகாவம்சக் கதை. அந்த மன்னர்கள் மகோதரனும் சூளோதரனும்; மாமனும் மருமகனும்! “நம்ம ரெண்டு பேரும் சண்டை போடாம வந்துட்டோம்” என்றார் மாமா. அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஊராத்துறையில் வந்திறங்கும் அயல்நாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்றும், உடைந்த கப்பலின் சரக்கை எப்படிப் பங்கிட வேண்டும் என்றும் அது பேசுகிறது. கடல் கடந்து வருபவனைக் காப்பது அன்றே அரசின் கடமையாக இருந்திருக்கிறது.

கோயில் வாசலில் வேப்ப நிழலில் அமர்ந்து மாமா ஆபுத்திரன் கதையைச் சொன்னார். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியுடன், மழையின்றிப் பசியால் வாடும் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான் ஆபுத்திரன். காற்றின் கடுமையால் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியது. அவன் இறங்கினான்; அவன் ஏறிவிட்டதாக எண்ணிக் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஊட்டுவதற்கு ஆளில்லாத தீவில் தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். பின்னாளில் ஒரு வைகாசிப் பௌர்ணமியில் அதே பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்து, புகார் நகரத்தின் பசியைத் தீர்த்தது.

“கையில குறையாத சோறு இருந்துச்சு. கப்பல்தான் இல்ல. பாத்தியாடா?” என்றார் மாமா.

தேர்வுக்காக நான் பலமுறை படித்த கதைதான். அந்த அரிசி மூட்டையைத் தூக்கிய கைவலியோடு கேட்டபோதுதான் அதன் பொருள் புரிந்தது. நெற்களஞ்சியம் என்று பெருமை பேசும் நம் நாட்டின் பசியைத் தீர்த்த பாத்திரம், ஒரு சிறு தீவிலிருந்து வந்ததாகக் காவியம் சொல்கிறது. சோறு விளைவிப்பது பாதி அறம். அதைக் கரை சேர்ப்பது மறுபாதி.

தோழர்களே, இதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. நம் கொள்ளிடத்தின் கடைமடையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் என்ற ஊர்கள் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது, அந்த மக்களைப் படகுகளில்தான் கரை சேர்த்தார்கள். நாம் கல்லணையில் நின்று வெள்ளத்தின் அழகைப் பார்த்த அதே வாரங்கள்! நம் கல்லூரிக்கும் கொள்ளிடக் கரையிலிருந்து வரும் தோழர்கள் உண்டு. வெள்ளக் காலத்தில் அவர்கள் வகுப்புக்கு வராத நாளில், “ஏன் வரவில்லை?” என்று கேட்பதற்கு முன், “ஆறு எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பார்ப்போம்.