புது டீச்சருக்குச் சொன்னது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியப் பணியில் இருக்கும் தம்பி, தங்கைகள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் உங்கள் வசதிப்படி.

1986-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தேனி மாவட்டமே கிடையாது. நாங்கள் மதுரை மாவட்டம். 2021-ல் ஓய்வு பெறும் வரை கற்பித்தலுக்கு எத்தனை பெயர் வந்து போயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். கரும்பலகைத் திட்டம், குறைந்தபட்சக் கற்றல் அடைவு, மகிழ்ச்சியூட்டும் கற்றல், செயல்வழிக் கற்றல், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, பாடப்புத்தகத்தில் கியூ.ஆர். குறியீடு. நான் வெளியே வந்த அடுத்த வருடம், 2022 ஜூனில், எண்ணும் எழுத்தும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு ஃபைல், டீ, வடை. வடை நன்றாக இருந்த பயிற்சிகள் மட்டும் இன்னும் துல்லியமாக நினைவில் இருக்கின்றன!

ராயப்பன்பட்டிப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். என் மகள் வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், காபி ஆறும் வரை பேசாமல் இருந்துவிட்டு, "சார், நவீனக் கற்பித்தல் திறன்னு பயிற்சியில சொன்னதெல்லாம் செய்றேன். பாட்டு, பொம்மலாட்டம், வீடியோ எல்லாம் உண்டு. பிள்ளைங்களும் சந்தோஷமா இருக்காங்க. ஆனா மூணாம் வகுப்புல ஒரு பையனுக்கு 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வித்தியாசம் தெரியல. நான் என்னத்தைப் புரிஞ்சுக்கலன்னு சொல்லுங்க" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பையனைக் குறை சொல்லவில்லை பாருங்கள்.

நவீனம் என்று நாம் சொல்வதில் எது புதிது என்று முதலில் பேசினோம். செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி நடத்திய கிராமப் பள்ளிகளில், ஒரே ஆசிரியர் பல வகுப்புப் பிள்ளைகளை அட்டைகள் வைத்து நடத்துவதைப் பார்த்து வந்து செய்தார்கள். 2007-ல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. பிள்ளை தானே வருகையைக் குறிக்கும், ஏணிப்படியில் தன் படியைப் பார்க்கும், தட்டிலிருந்து தன் அட்டையை எடுக்கும். சுவரோரம் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, ஒவ்வொருவருக்கும் தனி இடம். ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

ஒரு பாட்டி பள்ளி வாசலில் நின்று, "வாத்தியாரு பிள்ளைகளோட உக்காந்து சீட்டு விளையாடுறாரு"ன்னு ஊரைக் கூட்டியது தனிக் கதை.

எனக்கு அந்த முறை பிடிக்கும். அட்டை கிழிந்தால் மாற்று வர நாளாகும், நாலு வகுப்பும் கலந்து உட்காரும்போது சத்தம் கூரையைத் தூக்கும், எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு வாரம் வராத பிள்ளை, விட்ட படியிலேயே தொடங்கலாம் என்பதை அரசுப் பள்ளிக்குள் கொண்டு வந்தது அதுதான். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் குடும்பங்கள் இருக்கும் எங்கள் ஊர்களில் அது சின்ன விஷயம் இல்லை.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பதும் புதிதில்லை. 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகள் விடுதியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுக்க, ஒரு சிறுவனை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை செய்ததுதான்! இதைக் கேட்டு டீச்சர் சிரித்துவிட்டார்.

பிறகு விஷயத்துக்கு வந்தோம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூணாம் வகுப்பில் இருந்தாலும் ஒரு பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம். அதற்கான பயிற்சி அதற்குத் தனியாக உண்டு. இந்தப் பையனை எந்த நிலையில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "மொட்டு சார். அரும்புன்னு போட்டா பார்வைக்கு வர்றவங்க கேள்வி கேப்பாங்க, புதுசா வந்திருக்க, எதுக்கு வம்புன்னு ஒருத்தர் சொன்னாங்க."

"அரும்புன்னு போடும்மா. கேள்வி கேட்டா பையனை வாசிக்கச் சொல்லிக் காட்டு" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அந்தப் பதிவு ஆசிரியருக்குப் போடும் மார்க் இல்லை. மொட்டு என்று எழுதிவிட்டால் அவன் கைக்கு மொட்டுப் பயிற்சி வரும், அவனும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவான். எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைப்பதும் கிடையாது. ஒன்பதாவதில் எல்லாம் வெளியே தெரியும். அப்போது அவன் உடம்பு தோட்ட வேலைக்குத் தயாராக இருக்கும். அப்படி விடிகாலை ஜீப்பில் ஏறிப் போன பையன்கள் மூன்று பேரை இந்தத் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

அடுத்துக் கேட்டேன், அவனுக்கு என்ன தெரியும்? டீச்சர் யோசித்துச் சொன்னார். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து எப்போது என்று சொல்வான். கொத்தைக் கையில் தூக்கி எடை சொல்வான், பெரும்பாலும் சரியாக இருக்கும். பஸ் வந்தால் போர்டைப் பார்த்து "கம்பம் வண்டி" என்பான்.

அங்கேதான் நான் எழுந்து உட்கார்ந்தேன். 'கம்பம்' நாலே எழுத்து. அதில் 'ப'வும் 'ம'வும் இரண்டும் இருக்கின்றன, அதுவும் பக்கத்துப் பக்கத்தில். மொத்தமாகப் படமாகத் தெரிந்த சொல்லைப் பிரித்துக் காட்டினால் போதும். அதே எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, தேவையான புள்ளி வைத்தால் 'பக்கம்', 'கப்பம்'. ஒரு 'ட' சேர்த்தால் 'படம்', 'மடம்', 'பட்டம்', 'மட்டம்', 'கட்டம்'. படம், மடம் இரண்டையும் ஜோடியாக வைத்தால் வித்தியாசத்தை அவனே கண்டுபிடித்தாக வேண்டும். பழைய நாள்காட்டி அட்டையை வெட்டி அன்றைக்கே எழுதினோம். என் மனைவி கத்தரிக்கோல் பிடித்தார்.

நேரம் எங்கே என்பதுதான் அடுத்த சிக்கல். நாற்பது நிமிடப் பாடத்தில் ஒரே பிள்ளையோடு உட்கார முடியாது. ஆனால் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததற்கும் பிரார்த்தனை மணிக்கும் நடுவில் கால் மணி நேரம் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டார் டீச்சர். வாரத்தில் இரண்டு நாள் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி சட்டாம்பிள்ளை. பெல் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இரண்டு மாதம் ஆகிறது. பதிவில் இன்னும் அரும்புதான். 'ப', 'ம' குழப்பம் போய்விட்டது. 'ய' வந்தால் கொஞ்சம் திணறுகிறான். கம்பம் முடிந்து, குமுளி முடிந்து, இப்போது போடியில் நிற்கிறான். 'போ' எழுத ஒரே சத்தத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், எதுக்கு டீச்சர் ரெண்டு பக்கமும் என்று கேட்டிருக்கிறான். டீச்சர் எனக்குப் போன் போட்டார். முப்பத்தைந்து வருடத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. தமிழாசிரியர் நண்பர்கள் யாராவது மூணாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிற மாதிரி பதில் வைத்திருந்தால் கீழே எழுதுங்கள். திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும்.