ஷிரகாவா-கோ: கூரையைக் காத்த ஊர்



ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே உள்ள ஷிரகாவா-கோ கிராமத்தைப் பார்த்து வந்தேன். வீடுகளுக்கெல்லாம் செங்குத்தான புல் கூரை. கை கூப்பியது போல் இருப்பதால் 'கஷ்ஷோ' என்று பெயர். பனி தங்காமல் சரிந்து விழவே அந்தச் சரிவு.

வாதா குடும்பத்தின் பழைய வீட்டில், முட்டி வலியோடு மேல்தளம் வரை ஏறினேன். முன்பு அங்கே பட்டுப்புழு வளர்த்தார்களாம். கூரைச் சட்டங்களில் ஓர் ஆணி இல்லை. எல்லாம் கயிற்றுக் கட்டும் வளார்க் கட்டும்தான்.

ஒரு கூரை 30, 40 ஆண்டு தாங்கும். மாற்றும்போது ஊரே கூடி வேலை செய்யும். இன்று உன் வீடு, நாளை என் வீடு. இந்தப் பழக்கத்துக்கு 'யுய்' என்று பெயர்.

1961-இல் முடிந்த மிபோரோ அணையில் அக்கம்பக்கத்துச் சிற்றூர்கள் மூழ்கின. பல வீடுகள் விலைபோய், பிரித்தெடுக்கப்பட்டு வெளியூர் சென்றன. மிச்சமிருந்ததையாவது காக்க, 1971-இல் ஒகிமாச்சிப் பகுதி மக்கள் கூடி முடிவெடுத்தார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை.

யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 1995-இல். அதற்கு 24 ஆண்டு முன்பே ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டின் மதிப்பை அறிந்திருந்தார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஜப்பானில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, தகயாமாவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவசியம் போய் வாருங்கள். ஒன்று மட்டும்: அந்த வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். படம் எடுக்கிறேன் என்று ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள்!