முந்திக் கும்பிடுதல்

மட்டக்களப்பின் கல்லடி உப்போடையில் காவி உடுத்த ராமகிருஷ்ண மடத்துத் துறவியைக் கண்டால் எங்கள் பிள்ளைகள் ‘மகராஜ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே எல்லாரும் ஐயா, சாமி. ஆச்சிரமத்து வாசலைத் தாண்டினால் மகராஜ். கங்கைக்கரையில் அந்த மடத்தின் தலைமையிடமான பேலூர் மடத்தின் வழக்கம் எங்கள் வாவிக்கரை வரை வந்து பல தலைமுறையாக வாயில் ஊறிவிட்டது. மாலை ஆராத்தியில் சிறுவயதில் பாடிய பாட்டும் விவேகானந்தர் வங்காளத்தில் இயற்றியதுதான். பொருள் கேட்காமலே மனப்பாடம் செய்து பாடினோம்.

ராமகிருஷ்ணரின் பேச்சுகளைப் பதிந்து மகேந்திரநாத் குப்தர் எழுதிய கதாமிருதத்தை அதன் சொந்தப் பேச்சிலேயே வாசிக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. அதனால்தான் இந்த வயதில் வங்காளம் படிக்க உட்கார்ந்தேன். எந்த மொழியிலும் போலவே முதல் பாடம் நலம் விசாரிப்பது. நொமொஷ்கார். கேமொன் ஆச்சேன்? பாலோ ஆச்சி. வீட்டுக்கு வந்தவரை இருக்கச் சொல்ல, போஷுன். வங்காளியின் வாயில் அகரம் பெரும்பாலும் ஒகரமாக உருளும், வகரம் பகரமாகும். எங்கள் விபுலாநந்த அடிகளின் பெயரை அவர்கள் சொன்னால் ‘பிபுலானொந்தோ’ என்று வரும். அடிகளார் 1929இல் உப்போடையில் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்தின் பெயர் ‘ஷிபானொந்தோ’ ஆகிவிடும். அந்தச் சிவானந்தர் வங்காளத்தில் பிறந்தவர், ராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர். 1924இல் அடிகளாருக்குத் துறவு கொடுத்த குருவும் அவரே. இத்தனை காலம் ஒரு வங்காளப் பெரியவரின் பெயரை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்!

மரியாதைப் படிகள் தமிழருக்குச் சிரமம் தருவதில்லை. பெரியவருக்கு ஆப்னி, ஒத்தவருக்குத் துமி, மிக நெருங்கியவருக்குத் துயி. முன்பின் தெரியாதவரை நாம் அண்ணன், அக்கா என்பதுபோல அவர்கள் தாதா, திதி என்கிறார்கள். நன்றி சொல்லத் தொன்னோபாத் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் அதைச் சொன்னால் அந்நியமாகப் படுமாம். எங்கள் ஆச்சிமாரும் அப்படித்தான். ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றி என்று சொன்னதே இல்லை. குடித்து முடித்து, செம்பைக் கையில் தந்து, “நல்லா இரு மனே” என்று தலையைத் தடவிவிடுவார்கள். அதற்குமேல் என்ன வேண்டும்?

பாடத்தில் நொமொஷ்கார் வந்ததும் என் மனம் கல்கத்தாவின் ஸ்டார் தியேட்டருக்குப் போய்விட்டது. 1884 செப்டம்பர் 21. கிரீஷ் சந்திர கோஷின் ‘சைதன்ய லீலை’ நாடகம் பார்க்க ராமகிருஷ்ணர் வருகிறார். கிரீஷ் நாடக உலகின் பெரும்புள்ளி, குடிகாரர், எவருக்கும் எளிதில் தலை வணங்காதவர். வரவேற்க வாசலுக்கு வந்தவர் கை கூப்புவதற்குள் ராமகிருஷ்ணர் கும்பிட்டுவிட்டார். கிரீஷ் பதிலுக்குக் கும்பிட்டார். ராமகிருஷ்ணர் மறுபடியும் கும்பிட்டார். இவரும் கும்பிட, அவர் இன்னொரு தடவை. இப்படியே போனால் இது முடியாது என்று கண்ட கிரீஷ், கடைசி வணக்கத்தை மனதுக்குள் செலுத்திவிட்டு அவரை மாடிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, விசிற ஓர் ஆளையும் நிறுத்தினார்.

இதைக் கிரீஷே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராமன் வில்லால் வென்றான், கண்ணன் குழலால் வென்றான், இவர் வணக்கத்தால் வென்றார் என்பது அவர் கண்ட முடிவு. எத்தனையோ பேர் எவ்வளவோ புத்திமதி சொல்லியும் அசையாத மனிதர் அவர். அவரை அசைத்தது, தன்னைவிட ஒரு தடவை கூடக் கும்பிட்ட ஒருவரின் பணிவு. எதிரே நிற்பவரின் தகுதியை எடைபோட்டுப் பார்த்துவிட்டு ராமகிருஷ்ணர் கை கூப்பவில்லை. அவருக்குக் கும்பிடுதான் முதல். தகுதி பார்ப்பது அதற்குப் பிறகும் இல்லை.

கல்லடியிலிருந்து தெற்கே கொஞ்சத் தூரம் போனால் காத்தான்குடி. சலாத்தை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்று அங்குள்ள நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சந்தியில் இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்து, யார் முந்தியது என்று தெரியாமல் சிரித்துக்கொள்வதையும் கண்டிருக்கிறேன். தட்சிணேசுவரக் கோயில் பூசகரான ராமகிருஷ்ணரும் காத்தான்குடி வியாபாரியும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள்.

2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம் மட்டுமே போக முடியும். எதிர்ப்பக்கம் நின்று வழி விட்டால்தான் போக்குவரத்து நடக்கும். மனிதருக்கு இடையிலும் அதுவே நடைமுறை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் எங்கள் மாகாணத்தில், மற்றவர் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தே பல வருசங்கள் வீணாகிவிட்டன. அயலவரின் பாஷையில் நாலு மரியாதைச் சொல்லைக் கற்பது, அவர் வாய் திறக்குமுன்பே நாம் கும்பிட்டுவிடுவதற்குச் சமம். அவர் திருப்பிச் சொல்கிறாரா என்பது அடுத்த கதை. எங்கள் பள்ளிக்கூடங்களில் இலக்கணத்துக்கும் பரீட்சைக்கும் முன்னால் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்: எந்த மொழி என்றாலும் சரி, முதல் வணக்கம் உன்னுடையதாக இருக்கட்டும்.