தாய்லாந்தா... எந்தத் தாய்லாந்து?

"தாய்லாந்து போறேன்" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் கண்ணடிப்பார். லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடும் மேனேஜர்கூட நமுட்டுச் சிரிப்பு சிரிப்பார். அவர்களைப் பொறுத்தவரை தாய்லாந்து என்றால் பாங்காக்கில் இரண்டு தெரு, பட்டாயாவில் ஒரு தெரு!

மேப்பை விரித்தால் அந்த நாடு யானைத் தலை மாதிரி இருக்கும். நெற்றியில் சியாங் மாய் மலைகள். காதில் ஈசான் பீடபூமி. தொங்கும் தும்பிக்கைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். கையில் இருப்பதோ ஒரு வார லீவ். எதை எடுப்பது, எதை விடுவது?

நண்பன் ஒருவனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ஹனிமூன் இன்னும் பாக்கி! சீட்டு எடுத்த பணம் கைக்கு வந்தது. லீவ் ஜூலையில்தான் கிடைத்தது. "புக்கெட்ல ரூம் பாதி விலைங்கறான்டா, போட்டுடவா?" என்று துள்ளினான்.

"ஏன் பாதி விலைன்னு கேட்டியா?" என்றேன். பி.காம். படித்தவனுக்குத் தள்ளுபடி என்றாலே சந்தேகம்தான்.

குற்றாலத்துக்கு சீஸன் தருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று, மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் பக்கமுள்ள புக்கெட்டையும் கிராபியையும் நனைத்து எடுக்கும். அலை முரட்டுத்தனமாக வரும். கரையில் சிவப்புக் கொடி நட்டுவிட்டால் குளிக்கக் கூடாது. கூட்டம் தாங்காமல் பவளப்பாறைகள் பாழாகி, 2018-ல் மூடி 2022-ல் திறந்தார்களே மாயா பே, அதற்கும் வருஷா வருஷம் மழைக்காலத்தில் ஓய்வு உண்டு.

தும்பிக்கையின் மறுபக்கம், வளைகுடாவில் சமுய் தீவு. ஜூலையில் அங்கே மழை குறைவு. அதற்கு நம்ம சென்னை மாதிரி அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைதான் பெருமழை. சூரத் தானி வரை ராத்திரி ரயில். அப்புறம் பஸ், படகு. ரூம் வாடகை ஜாஸ்தி என்று முணுமுணுத்தபடியே நண்பன் பணம் கட்டினான். திரும்பியதும் அவன் மனைவி சொன்னது: "அண்ணா, ஆறு வருஷத்துல இவர் பண்ணின ஒரே உருப்படியான செலவு!"

டிசம்பர், ஜனவரியில் லீவ் என்றால் வடக்கே போங்கள். மங்ராய் மன்னர் 1296-ல் உருவாக்கிய நகரம் சியாங் மாய். பக்கத்து டோய் இந்தனான் சிகரம் 2,565 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம்தான் குள்ளம். ஸ்வெட்டர் அவசியம். மார்ச், ஏப்ரலில் மட்டும் வேண்டாம். வயலும் காடும் எரிகிற புகை கண்ணைக் கரிக்கும்.

கடலே வேண்டாம் என்பவர்களுக்கு, 1767-ல் பர்மாப் படை அழித்த பழைய தலைநகர் அயுத்தயா, பாங்காக்கிலிருந்து சுமார் 80 கி.மீ.தான். ஈசானில், அணைந்துபோன எரிமலை மேல் கெமர் மன்னர்கள் கட்டிய பனோம் ருங் சிவன் கோயில் இருக்கிறது.

பாங்காக் சீலோம் ரோட்டில், 19-ம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் உண்டு. தாராளமாக மழை வேண்டிக்கொள்ளுங்கள்... உங்க லீவ் முடிஞ்சப்புறம் பெய்யணும்னு!